பழைய வீடு வாங்கும் முன்: மேஸ்திரியா, வங்கி மதிப்பீட்டாளரா, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரா?

‘சர்வே’ என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் நிலம்தான் நினைவுக்கு வரும். சர்வே எண், பட்டா, புல வரைபடம், எல்லைக் கல். அந்த நிலத்தின்மேல் நிற்கும் கட்டடத்தையும் ஒருவர் முறையாகப் பார்த்து எழுதிக் கொடுப்பார், அதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள் என்பது பழைய வீடு வாங்கும் பலருக்குத் தோன்றுவதே இல்லை. முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் கொடுக்கிறோம். வீட்டை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் சுற்றி வந்து, குழாயைத் திறந்து மூடி, ‘நல்ல காற்றோட்டம்’ என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம்.

இந்த ஒப்பீடு சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் 1975 முதல் 1995 வரை கட்டிய தனி வீடுகளை மனதில் வைத்தது. இன்று விற்பனைக்கு வரும் பழைய வீடுகளில் இந்த வயதுக்காரர்கள் நிறைய.

வாங்குவது வீட்டையா, மனையையா?

யாரைக் கூப்பிடுவது என்பதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனையில் ஆயிரம் சதுர அடிப் பழைய வீடு நிற்கிறது என்றால், விலையில் பெரும்பகுதி மண்ணுக்குத்தான் போகிறது. வாங்கிய கையோடு இடித்துக் கட்டப்போகிறவருக்குக் கட்டட ஆய்வு வீண் செலவு. அவர் அந்தப் பணத்தை எல்லை அளப்பதிலும் மண் பரிசோதனையிலும் போடலாம்.

இருபது வருடம் குடியிருக்கப் போகிறவருக்குக் கணக்கு வேறு. இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் அதிகம்: ‘அஞ்சு வருஷம் இருந்துட்டு அப்புறம் இடிச்சுக்கலாம்.’ இவர்கள் ஆய்வே வேண்டாம் என்று நினைப்பது தப்பு. பால்கனி விழுவதற்கு ஐந்து வருடம் தாராளமாகப் போதும். விலை பேசுவதற்காக இல்லாவிட்டாலும், அதுவரை பயமில்லாமல் குடியிருக்கலாமா என்று தெரிந்துகொள்ள ஒரு இன்ஜினீயரின் ஒரு நாள் பார்வை இவர்களுக்கும் தேவை.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர்

‘பேங்க்லயே ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க, லோன் கொடுத்துட்டாங்க, அப்ப வீடு நல்லாத்தானே இருக்கும்?’ இதைவிட விலை உயர்ந்த தவறான நம்பிக்கை வேறில்லை. அந்த மதிப்பீட்டாளருக்கு வங்கி கொடுத்த கேள்வி ஒன்றுதான்: கடன் திரும்பாமல் போனால் இந்தச் சொத்தை விற்று எவ்வளவு எடுக்கலாம்? மண்ணின் மதிப்பு கடனைத் தாங்குகிறது என்றால் அவர் வேலை முடிந்தது. ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 75 லட்சம் வரை 80, அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு. மீதி உங்கள் கைக்காசு என்பதால் வங்கிக்கு ஆபத்து இன்னும் குறைவு.

கட்டடத்துக்கு அவர் போடும் தேய்மானம் பெரும்பாலும் வாய்ப்பாடுதான். ஆயுள் 60 வருடம், முடிவில் மிஞ்சும் மதிப்பு 10 சதவீதம் என்று வைத்தால், 35 வயது வீட்டின் தேய்மானம் 52.5 சதவீதம். கம்பி முழுக்கத் துருப்பிடித்த வீட்டுக்கும் பிடிக்காத வீட்டுக்கும் அதே 52.5தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் கேட்க நினைத்ததை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

தெரிந்த மேஸ்திரி

செலவு குறைவு, அழைத்தால் வருவார். பூச்சைத் தட்டிப் பார்த்து எங்கே ‘டொக்கு’ச் சத்தம் வருகிறது, சுவரில் ஓதம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது, நிலைச்சட்டத்தில் கரையான் போயிருக்கிறதா, தரை எங்கே உள்வாங்கியிருக்கிறது என்பதையெல்லாம் பல இளம் இன்ஜினீயர்களைவிடச் சட்டென்று சொல்லிவிடுவார். முதல் சுற்றில் நான்கைந்து வீடுகளைக் கழித்துக்கட்ட இவர் போதும்.

இவர் சறுக்குவது இரண்டு இடத்தில். விரிசல் எதனால் வந்தது என்பதைவிட அதை எப்படி மூடுவது என்பதிலேயே அவர் கண் இருக்கும். ‘பூச்சு விரிசல்தான் சார், சுரண்டிப் பூசிட்டா போதும்.’ இரண்டாவது, பழுது வேலை அவருக்கே வரப்போகிறது. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு விற்கும் நிறுவனங்களின் ‘இலவச ஆய்வு’க்கும் இதே குணம் உண்டு: எங்கே ஒழுகினாலும் மருந்து மொட்டை மாடிப் பூச்சுதான். ஒழுகல் மேல் வீட்டுக் குளியலறையின் தரைக் குழாய் இணைப்பிலிருந்து வந்தாலும் சரி. யாருடைய ஆய்வின் முடிவில் அவருக்கே ஒரு வேலை காத்திருக்கிறதோ, அந்த ஆய்வைப் பாதிதான் நம்புங்கள்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயரின் நேரடி ஆய்வு

பெரும்பாலோர் செலவு செய்ய வேண்டியது இதில்தான். 1,200 சதுர அடி வீட்டை ஒழுங்காகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். கையில் சுத்தியல், டார்ச், ஈரப்பத மீட்டர், விரிசலின் அகலம் அளக்கும் அட்டை, லேசர் லெவல், ஒரு ஏணி. ஏணி கேட்காத இன்ஜினீயர் என்றால் கொஞ்சம் யோசியுங்கள். கட்டணம் ஆயிரங்களில் முடியும். ஒரு கோடி ரூபாய்க் கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று 9 லட்சம் கட்டுகிற இடத்தில் அதை ஒரு செலவாகவே எண்ண வேண்டாம்.

அவர் முதலில் அண்ணாந்து பார்ப்பார். அந்தக் காலத்து வீடுகளில் கான்கிரீட் பெரும்பாலும் 1:2:4 (சிமென்ட், மணல், ஜல்லி) கலவை, எம்15 தரம்; எம்முக்குப் பின்னால் வரும் எண் கான்கிரீட்டின் பலத்தைக் குறிக்கும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, அதன் 1978ஆம் ஆண்டுப் பதிப்பில், தளத்தில் கம்பிக்குக் கீழே 15 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருந்தால் போதும் என்றது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பு குறைந்தபட்சத் தரத்தை எம்20க்கும், கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனத்தைப் பொதுவாக 20 மில்லிமீட்டருக்கும் அதற்கு மேலும் உயர்த்தியது. பழைய வீட்டில் விதிப்படி 15 இருக்க வேண்டிய இடத்தில் உண்மையில் 8, 10 இருப்பது சாதாரணம். காற்றிலுள்ள கரியமில வாயு வருடக்கணக்கில் கான்கிரீட்டுக்குள் ஊறி அதன் காரத்தன்மையைக் குறைக்கும். அந்த எல்லை கம்பியைத் தொட்டதும் துரு தொடங்கும். துரு, தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் காரை வெடித்து விழுகிறது.

காரை விழுந்த இடத்தில் கம்பியை உரசி விட்டம் அளப்பது முக்கியம். 8 மில்லிமீட்டர் கம்பி 7 ஆகியிருந்தால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது; குறுக்குப் பரப்பில் 23 சதவீதம் போய்விட்டது. அங்கே சிமென்ட் பூசி மூடினால் இரண்டு மழைக்காலம் தாங்காது. துருப்பிடித்த கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவு வெட்டி, துருவை நீக்கி, தடுப்புப் பூச்சடித்து, குறைந்த இரும்புக்கு ஈடாகப் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலவையால் நிரப்ப வேண்டும். பூச்சு வேலைக்கும் இதற்கும் செலவில் பல மடங்கு வித்தியாசம். விலை பேசும்போது கையில் இருக்க வேண்டிய விவரம் இதுதான்.

பால்கனி, சன்ஷேடு விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள். சுவரிலிருந்து நீட்டி நிற்கும் தளத்தில் முக்கியக் கம்பி மேல்பக்கம் இருக்கும். மேலே ஓட்டுக்கு அடியில் தண்ணீர் இறங்கி அந்தக் கம்பி அரித்துப்போனாலும், கீழிருந்து பார்ப்பவருக்கு அடிப்பக்கம் பளிச்சென்று தெரியும். போதாததற்கு, கட்டும்போது மேல் கம்பியை மிதித்துக் கீழே தள்ளிவிட்டுத்தான் பல இடங்களில் கான்கிரீட் போட்டிருப்பார்கள். சுவரும் பால்கனியும் சேரும் கோட்டில், மேல்பக்கத்தில் விரிசல் தெரிந்தால், பழுது பார்க்கும் வரை யாரும் அங்கே துணி காயப்போடக்கூட நிற்கக்கூடாது.

விரிசல்களை அவர் படிக்கும் விதமும் மேஸ்திரியிடமிருந்து வேறுபடும். மேல் மாடியில் கூரைத் தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரில் படுக்கைவாட்டில் ஓடும் கோடு, வெயிலில் தளம் நீண்டு சுருங்குவதால் வருவது, அசிங்கம், ஆபத்தில்லை. தூணிலோ உத்திரத்திலோ கம்பி போகும் திசையிலேயே நேராக ஓடினால் உள்ளே துரு. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, போகப்போக அகலமானால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். தியாகராய நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர் போன்ற களிமண் பகுதிகளில் இந்தக் கடைசி வகைக்குத் தனிக் கவனம் தேவை. களிமண் கோடையில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும். மே மாதம் திறக்கும் விரிசல் நவம்பரில் மூடிக்கொள்ளும். பட்டி வைத்து அடைத்த கோடு அதே இடத்தில் மறுபடி பிளந்திருந்தால் வீடு இன்னும் அசைகிறது என்று பொருள். கிண்டி, வேளச்சேரிப் பக்கம் அடியில் பாறை. அங்கே கவலை அஸ்திவாரம் அல்ல, வெள்ளம். 2015 டிசம்பரில் தண்ணீர் எங்கே வரை நின்றது என்பதை மின்மீட்டர் பலகையின் உயரமும் பக்கத்து வீட்டுச் சுவரும் சொல்லும். விற்பவரின் சுவருக்குப் புதுப் பெயிண்ட் அடித்திருக்கும்.

பின்னால் சேர்த்த பாரமும் இன்ஜினீயர் கணக்குப் போட்டால்தான் தெரியும். மொட்டை மாடி ஒழுகுகிறது என்று பழைய செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தை எடுக்காமலேயே அதன்மேல் இன்னொன்று போட்டுத் தட்டோடு பதித்திருப்பார்கள். நான்கு அங்குலத் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 190 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடியில், தளத்தின் சொந்த எடை போக, நடமாட்டத்துக்கென்று விதி ஒதுக்கும் சுமையே சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். அதன்மேல் ஆயிரம் லிட்டர்த் தொட்டி ஒன்று. முதல் மாடி எப்போது கட்டியது என்பதையும் கேட்க வேண்டும். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கி, அதற்கேற்ற அஸ்திவாரத்தில் பத்து வருடம் கழித்து மாடி எழுப்பிய வீடுகள் தெருவுக்கு இரண்டு உண்டு. அனுமதி வரைபடத்தையும், இரண்டாவது மின் இணைப்பு வாங்கிய தேதியையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை வெளியே வந்துவிடும்.

கருவிச் சோதனைகள்: எப்போது, எதற்கு?

எடுத்தவுடனே ‘எல்லா டெஸ்டும் எடுத்துடலாம்’ என்பவரிடமிருந்து விலகியிருங்கள். கட்டணம் பல்லாயிரங்களில் போகும். நேரடி ஆய்வில் எழுந்த சந்தேகத்துக்குப் பதில் தேடும்போதுதான் சோதனைக்கு மதிப்பு.

மலிவானது, ஆனால் அதிகம் சொல்வது ஃபீனால்ப்தலீன் கரைசல். கான்கிரீட்டில் சின்னதாக உடைத்த புதுப் பரப்பில் தெளித்தால், காரம் மிஞ்சியிருக்கும் இடம் இளஞ்சிவப்பாகும். போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தாண்டிவிட்டதா என்று ஸ்கேல் வைத்தே அளக்கலாம். கான்கிரீட்டில் மோதி எவ்வளவு திரும்பித் துள்ளுகிறது என்பதை வைத்துப் பலத்தைக் கணிக்கும் ரீபவுண்டு ஹேமர், எல்லோரும் எடுத்துவரும் கருவி. அதன் பலக்கணிப்பு 25 சதவீதம் முன்பின் தவறலாம். பழைய கான்கிரீட்டின் மேற்பரப்பு கரியமில வாயுவால் இறுகியிருப்பதால், உள்ளதைவிடக் கூடுதலாகவும் காட்டும். முப்பது வயதுத் தூணில் ‘பலம் 25 வந்திருக்கு, சூப்பர்’ என்று மகிழ்வதில் அர்த்தமில்லை. எந்த இடம் மற்றதைவிட மோசம் என்று ஒப்பிடவே அது உதவும். அதோடு, கான்கிரீட்டுக்குள் ஒலி அலை போகும் வேகத்தை அளக்கும் மீயொலிச் சோதனையும் சேர்த்தால் நம்பகம் கூடும். வேகம் விநாடிக்கு 3 கிலோமீட்டருக்குக் கீழே இருந்தால் உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கலாம். ஹாஃப்-செல் சோதனை, கம்பியின் மின்னழுத்தத்தை அளந்து, துரு நடக்கும் வாய்ப்பைச் சொல்லும்: மைனஸ் 350 மில்லிவோல்ட்டையும் தாண்டிக் கீழே போனால் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல். இதற்கு ஓரிடத்தில் கம்பியைத் திறந்து வயர் இணைக்க வேண்டும். துளைபோட்டுக் கான்கிரீட் உருளை எடுக்கும் சோதனைதான் பலத்துக்கு இறுதிப் பதில். விற்பனை முடியாத வீட்டில் அதற்கு உரிமையாளர் சம்மதிப்பது அரிது.

பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம் என்று கடலோரம் வாங்குபவர் மட்டும், கான்கிரீட்டில் உப்பு எவ்வளவு என்று பார்க்கும் குளோரைடு சோதனையைத் தவிர்க்கக்கூடாது. கரியமில வாயு வெளியிலிருந்து மெல்ல வருவது. கட்டும்போதே உப்புக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கலந்திருந்தால் எதிரி முதல் நாளிலிருந்தே உள்ளே இருக்கிறான். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. அந்த நாளில் எத்தனை பேர் தண்ணீரைச் சோதித்தார்கள்? அப்படிப்பட்ட வீட்டில் ஓரிடத்தில் பழுது பார்த்தால் பக்கத்து இடத்தில் துரு இன்னும் வேகமாகத் தொடங்கும். சோதனை முடிவு மோசமாக வந்தால் மனை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கத்து மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு மேலே சொன்ன கருவிகள் எதுவும் பயன்படாது. அங்கே கூரையைத் தாங்குவது தேக்கு உத்திரங்கள். அவற்றின்மேல் சுண்ணாம்பில் சாய்வாகக் குத்திட்டு அடுக்கிய சிறிய செங்கற்கள். உத்திரம் நடுவில் உளுப்பதில்லை. சுவருக்குள் புதைந்த முனைகளில்தான் ஈரமும் கரையானும் சேரும். கூரான ஆணியால் அந்த முனைகளைக் குத்திப் பார்க்கும் பழக்கமுள்ள, பழங்கட்டட வேலை தெரிந்த ஆளைத் தேடுங்கள். சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசியிருந்தால் உள்ளே ஈரம் அடைபட்டிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

அடுக்குமாடி வீடென்றால் உங்கள் நான்கு சுவரை மட்டும் பார்ப்பது பாதி வேலைகூட இல்லை. வாகனம் நிறுத்தும் தளத்துத் தூண்களின் அடிப்பகுதி, சம்ப், மேல்நிலைத் தொட்டியைத் தாங்கும் உத்திரங்கள், மொட்டை மாடி ஆகியவற்றைப் பார்க்கச் சங்கத்தின் அனுமதி வாங்குங்கள். 2002இல் சென்னை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றப்பட்டது. அதற்கு முன் கட்டிய, கீழே வெறும் தூண்கள் மட்டும் நிற்கும் கட்டடங்களில் தூணின் அளவைக் கட்டாயம் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சங்கத்தின் கடந்த சில வருட வரவுசெலவுக் கணக்கும் ஒரு ஆய்வறிக்கைதான். பழுதுக்குப் பணம் கேட்டும் யாரும் கொடுக்கவில்லை என்றால் அந்தக் கட்டடத்தின் எதிர்காலம் அதில் எழுதியிருக்கிறது.

மின்சாரம், குழாய்

இதற்குத் தனியாக ஒரு எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் போதும். வயரிங்கில் எர்த் வயர் உண்மையிலேயே பிளக் வரை வருகிறதா, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா, அலுமினிய வயரா என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஏசி மாட்டப்போகிறீர்கள் என்றால் முழு வயரிங்கையும் மாற்றும் செலவை முதலிலேயே விலையில் கழித்துவிடலாம். ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் உள்ளே துருவடைத்து, ஒரு அங்குலக் குழாயில் பென்சில் அளவு ஓட்டைதான் மிஞ்சியிருக்கும்; எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தால் தெரிந்துவிடும். பழைய பீங்கான் கழிவுக் குழாயின் இணைப்புகளில் மரவேர் நுழைந்திருக்கும். அருகில் வேம்போ அரசோ நின்றால் கேமரா விட்டுப் பார்ப்பது நல்லது.

நிலத்தை அளப்பது

கட்டடம் எப்படி இருந்தாலும் இதைத் தவிர்க்க வழியில்லை. பத்திரத்தில் உள்ள அளவு, பட்டா அல்லது டி.எஸ்.எல்.ஆர். (நகர நில அளவைப் பதிவேடு) நகலில் உள்ள அளவு, தரையில் உள்ள அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். நான்கு பக்கம் மட்டும் அளந்தால் பரப்பு உறுதியாகாது. 40க்கு 60 மனை சரியான செவ்வகம் என்றால் மூலைவிட்டம் 72 அடி 1 அங்குலம். பக்கங்கள் அதேயிருந்து மனை பத்து டிகிரி சாய்ந்திருந்தால் 2,400 சதுர அடி 2,363 ஆகிவிடும். முதலில் தனியார் சர்வேயரை வைத்து டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவியில் அளந்துகொள்ளுங்கள், விரைவில் முடியும். ஆனால் தகராறு என்று வந்தால் அவர் வரைபடம் பேச்சுக்குத்தான் உதவும். பக்கத்து வீட்டுச் சுவர் உள்ளே வந்திருப்பதாகச் சந்தேகம் இருந்தால், உரிமையாளர் பெயரிலேயே அரசு நில அளவருக்கு எல்லை அளக்க விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அது மெதுவாக நடக்கும். அதனால் முதலில் தொடங்க வேண்டியது அதுதான்.

எப்போது அழைப்பது?

வக்கீல் பத்திரம் சரி என்று சொன்ன பிறகு, அக்ரிமென்ட் எழுதும் முன்பு. அதற்குள் வேறு ஆள் வந்துவிடுவார் என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், சிறு டோக்கன் தொகை கொடுத்து, ‘பொறியாளர் ஆய்வில் கட்டமைப்புக் குறை தெரிந்தால் தொகை முழுவதும் திருப்பித் தரப்படும்’ என்று ஒரு வரி எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இடையில் ஒரு மழை நாளுக்கு மறுநாள் ஆய்வை வையுங்கள். கோடையில்தான் பார்க்க முடியும் என்றால், மொட்டை மாடியில் ஓரிரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் விட்டுக் கீழே பார்க்கலாம். ஏற்கெனவே காரை பெயர்ந்த தளத்தில் மட்டும் அந்தச் சோதனை வேண்டாம்; அந்தத் தண்ணீரும் ஒரு பாரம்.

அறிக்கையில் ஒவ்வொரு குறையும் எந்த அறை, எந்த மூலை என்ற குறிப்போடு படமாக இருக்க வேண்டும். உடனே செய்ய வேண்டியது, இரண்டு வருடத்துக்குள், பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியது என்று பிரித்திருக்க வேண்டும். பழுதுக்கு எத்தனை சதுர அடி, எத்தனை மீட்டர் நீளம் என்று அளவும் வேண்டும். அளவு இருந்தால்தான் இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் விலை கேட்க முடியும். பார்க்க முடியாத இடங்களையும் எழுதச் சொல்லுங்கள்: ஃபால்ஸ் சீலிங் மூடிய தளம், மரத்தகடு அடித்த சுவர், பூட்டிய அறை. பழைய வீட்டில் புதிதாக ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஃபால்ஸ் சீலிங் போட்டிருந்தால், அதில் ஒரு பலகையைக் கழற்றிக் காட்டும்படி கேளுங்கள். கழற்ற மாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அந்தத் தளத்தை முழுவதும் மாற்றும் செலவை எழுதி விலையில் கழித்துச் சொல்லுங்கள். பெரும்பாலும் அன்றைக்கு மாலையே ஏணியும் ஸ்க்ரூடிரைவரும் வந்துவிடும்.